விற்கிற வீட்டுக்கு வெள்ளை

வீட்டை விற்கத் தீர்மானித்தவருக்குத் தரகர் சொல்கிற முதல் யோசனை, "முன்பக்கத்துக்கு ஒரு பூச்சுக் கொடுத்துவிடுங்கள்" என்பதுதான். சுவருக்கு வெள்ளையடித்து, வாசற்கதவுக்கு வர்ணம் பூசி, திண்ணையோரம் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளையும் வைத்துவிட்டால் விலை ஏறிவிடும் என்பது அவருடைய அனுபவம். அந்த அனுபவம் பொய்யுமல்ல. பெண் பார்க்க வருகிற நாளில் பெண்ணுக்குத் தலைவாரிப் பூச்சூட்டுகிறோம். அதை மோசடி என்று யாரும் சொல்வதில்லையே! வீட்டுக்கு மட்டும் ஏன் கூடாது?

கூடாது என்று நானும் சொல்ல வரவில்லை. எதுவரை என்பதுதான் கேள்வி.

இது பழைய கேள்வி. ரோமாபுரியின் சிசரோ, கி.மு. 44-இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு கதை சொல்கிறார். சிரக்யூஸ் நகரத்தில் பித்தியஸ் என்று ஒரு லேவாதேவிக்காரன் இருந்தான். ரோமிலிருந்து வந்திருந்த கானியஸ் என்பவர் தோட்டம் வாங்க ஆசைப்படுகிறார் என்று அறிந்து, அவரைத் தன் கடலோரத் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தான். மீனவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, அவர்களுடைய படகுகளெல்லாம் அன்று தோட்டத்துக்கு எதிரிலேயே மீன் பிடிக்கும்படி ஏற்பாடு செய்தான். பிடித்த மீனைக் கொண்டுவந்து அவன் காலடியில் கொட்டினார்கள். கானியஸ் சொக்கிப்போய், கேட்ட விலைக்கு வாங்கிவிட்டார். மறுநாள் ஒரு படகைக்கூடக் காணோம். மீனவர்களுக்கு இன்று விடுமுறையோ என்று பக்கத்துத் தோட்டக்காரரை விசாரித்தார். இங்கே யாரும் மீன் பிடிப்பதே கிடையாது, நேற்று வந்ததுதான் எங்களுக்கு அதிசயமாக இருந்தது என்றார் அவர்.

பித்தியஸ் தன் தோட்டத்தில் ஒரு செடியைக்கூட மாற்றவில்லை. எதிரே இருந்த கடலுக்கு வர்ணம் அடித்துவிட்டான்.

நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுகொள்ள முடியாத முக்கியமான குறை ஒன்று விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்கிறது 55-ஆவது பிரிவு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பாருங்கள். சுவரில் பெரிய விரிசல் பளிச்சென்று தெரிகிறதா, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. அதன் மேல் சாந்தைத் தடவி வெள்ளையடித்துவிட்டால், கண்ணுக்குத் தெரிந்த குறை தெரியாத குறையாகிவிடுகிறது. அந்தக் கணமே, வாய் திறந்து சொல்லவேண்டிய கடமையும் நம் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

வாங்குகிறவர் மட்டும் யோக்கியரா என்று கேட்பீர்கள். அவரும் பூசத்தான் பூசுகிறார். வீடு மனசுக்குப் பிடித்துப்போன பிறகு, "கிணறு சரியில்லை, வாசல் சரியில்லை" என்று தம் ஆசையின் மேல் அலட்சியத்தைப் பூசுகிறார். ஆனால் பேரத்தில் அடிபட்டால் போவது கொஞ்சம் பணம். ஓதம் ஏறிய சுவரை வாங்கியவர் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிவிட்டு, அடுத்த ஐப்பசி மழையில் வர்ணம் கொப்புளித்து உரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

இதற்கு ஓர் உரைகல் எனக்குச் சவ்வாது மலையில் கிடைத்தது. திருப்பத்தூர் மாவட்டத்து நெல்லிவாசல்நாட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் பகுதி அது. தமிழ் பேசுகிறவர்கள், மலையில் வாழ்வதால் மலையாளிகள். ஒரு மண்சுவர் வீட்டின் முன்னால் வயதான பெண்மணி ஒருத்தி மண்ணைக் குழைத்து, சுவரில் கண்ட பிளவுகளில் விரலால் அழுத்தி அடைத்துக்கொண்டிருந்தாள். அடைத்து முடித்த இடத்தை மட்டுமே மெழுகினாள்.

"ஏம்மா, யாராவது விருந்தாளி வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் வரலைங்க. இருக்கப்போறது நாங்கதானே?" என்றாள்.

பிளவை அடைக்காமல் மேலே மெழுகினால் அடுத்த மழை அவளுடைய பாயைத்தான் நனைக்கும். தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா?

வீட்டை விற்பவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: 'இந்த வீட்டில் நாளையும் நானே குடியிருப்பதானால், இந்த வேலையை இப்படியா செய்வேன்?' சுவருக்கு வெள்ளையடிப்போம், உடைந்த ஓட்டை மாற்றுவோம், வாசலைச் செப்பனிடுவோம். அவையெல்லாம் நியாயமான அலங்காரம். ஓதத்தின் மேல் எண்ணெய் வர்ணம் பூசமாட்டோம். அங்கே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான். மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்கிறவருக்கு அதனால் நஷ்டம் வரலாம்; வரும். அதற்காக அந்த நஷ்டத்தை முன்பின் தெரியாத இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நம்மில் பலர் காரை பெயர்ந்த சுவர்களுக்கு நடுவிலேயே பிள்ளைகளை வளர்த்துவிட்டு, யாரோ அந்நியர் பார்க்க வருகிறார் என்றதும் வெள்ளையடிக்க ஆள் தேடுகிறோம். அந்த வெள்ளையைப் பத்து வருஷத்துக்கு முன்பே அடித்திருந்தால், வீட்டின் அழகை நாமும் அனுபவித்திருப்போம். விற்கிற நாளில் வாங்குகிறவரிடம் மறைப்பதற்கும் அதிகமாக ஒன்றும் இருந்திருக்காது.