நோயும் பழியும்

விடியற்காலையில் லால்பாக்கில் நடப்போர் பலர். நாமும் அவருள் ஒருவர். அங்கிருந்து சிறிது தொலைவில், ஓசூர்ச் சாலையில், 1973-இல் தோன்றிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. அதன் வாயிலில் காத்திருப்போரைக் கண்டதும் நம் நெஞ்சில் எழும் முதல் வினா யாது? 'இவர் புகையிலை போட்டவரோ? எதைத் தின்றாரோ?' என்பதன்றோ! அவ்வினா இரக்கத்தில் பிறந்ததன்று; நமக்கு அந்நோய் வாராது என்னும் ஆறுதலை நாடிப் பிறந்தது.

ஒழுங்கான வாழ்க்கையால் பயனில்லை என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் கழகம் 2004-இல் வெளியிட்டது. தாம்பூலத்தை மங்கலமெனப் போற்றும் நமக்கு இது கசக்கத்தான் செய்யும். பெருங்குடற் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்தும் முடித்த 889 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2025-இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகள் உடற்பயிற்சிக்கு நெறிப்படுத்தப்பெற்றவருள் நூற்றுக்கு 90 பேர் எட்டாண்டுகள் கடந்தும் வாழ்ந்தனர். நலவாழ்வுக் குறிப்புகள் மட்டும் பெற்றவருள் 83 பேர்.

அவ்வேழு உயிர்கள் சிறிதல்ல. ஆயின் பயிற்சி பெற்றும் மாண்ட பதின்மரை என்னென்போம்? சரியாக நடக்கவில்லை என்போமா? முதுமைக்கும் மரபுக்கும் தற்செயலுக்கும் அந்நோயில் பங்குண்டு. அவற்றை மறந்து, துன்புற்றவரையே குற்றவாளியாக்குவது அறமாகுமா?

மருந்து ஏற்றிக்கொண்டுவரும் அன்பர் ஒருவர், தலையில் துணி சுற்றி, அண்மையில் நடக்க வந்தார். எப்படி வந்தது என்று நாம் வினவவில்லை. எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று மட்டும் கேட்டோம். கண்ணாடி மாளிகைவரை என்றார். அதுவரை அவர் நடைக்கு ஒப்பவே நாமும் நடந்தோம்.