சாமி செய்தால் நாமும் செய்யலாமா?

பெற்ற அப்பா மேலேயே ஒருத்தன் கொலை கேஸ் போடுவானா? போட்டான். பெயர் யூதிஃப்ரோ. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் வருகிறான்.

அவர்கள் பண்ணையில் ஒரு கூலியாள், குடிபோதையில் ஓர் அடிமையைக் கொன்றுவிட்டான். அப்பா அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் கூலியாள் செத்துப்போனான்.

சொந்தக்காரர்கள் யூதிஃப்ரோவைத் திட்டினார்கள். அவன் அசரவில்லை. ஜீயஸே தன் அப்பா குரோனஸைக் கட்டிப்போட்டவர்தானே, அவரைக் கும்பிடுகிறவர்கள் என்மேல் மட்டும் ஏன் பாய்கிறீர்கள் என்பது அவன் வாதம்.

சாக்ரடீஸ் அவனை மடக்குகிறார். கி.மு. 399. ஊர் சாமிகளை மதிக்காதவர் என்று அவர் மேலேயே கேஸ் இருந்த நேரம். சாமிகளுக்குள்ளேயே சண்டை என்றால், ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்காதே? சாமிக்குப் பிடிப்பதால் ஒரு காரியம் நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் பிடிக்கிறதா?

கொஞ்சம் யோசியுங்கள். கிரேக்கர்களின் கதைகளில் ஜீயஸ் பல பெண்களை ஏமாற்றியவரும்கூட. யூதிஃப்ரோ அதை உதாரணம் காட்டவில்லை. சாமியிடம் எதை எடுப்பது, எதை விடுவது என்று அவன் மனசுக்குள் முன்பே ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அந்தக் கணக்கை எழுதியது ஜீயஸ் இல்லை, அவன்தான்.

கொலை செய்தவனே ஆனாலும், கட்டுண்டு செத்தவனுக்கு நியாயம் கேட்டது சரிதான் என்று எனக்குப் படுகிறது. சரியான காரியத்துக்குச் சாமியின் சிபாரிசு தேவையில்லை. தப்பான காரியத்துக்கு அது செல்லாது.