கடல் கடக்கும் தொட்டில்

மாட்டுங்காவில் நம்மவர் பலர் நாள்தோறும் நடந்து செல்லும் சாலையொன்றில் சிரத்தானந்த மகிளாசிரமம் இருக்கின்றது. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நெடுங்காலமாகப் புகலிடம் தந்துவரும் இல்லம் அது. காய்கறியும் பூவும் வாங்கிக்கொண்டு அவ்வழியே செல்லும் நாம், உள்ளே தொட்டிலில் கிடக்கும் குழந்தை யாருடையது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இத்தகைய இல்லங்கள் நாடெங்கும் உள்ளன. அவற்றில் வளரும் குழந்தைகளுள் பலர் இந்நாட்டிலேயே தாய்தந்தையரைப் பெறுகின்றனர். சிலரோ கடல் கடந்து, மொழி அறியா நாடுகளில் மகனாகவும் மகளாகவும் ஏற்கப்படுகின்றனர். நம் குழந்தையை அயல்நாட்டார்க்குத் தத்துக் கொடுப்பது அறமா?

இதற்கு இருவகை விடைகளை நாம் கேட்கின்றோம். வறுமையிலிருந்து வளத்துக்குச் செல்கின்றது, இதனினும் பேறு யாது என்பர் ஒரு சாரார். பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கி எறிவதா, இது நாட்டுக்கே இழுக்கு என்பர் மற்றொரு சாரார். முன்னவர் செல்வத்தைப் பேசுகின்றனர். பின்னவர் மானத்தைப் பேசுகின்றனர். குழந்தைக்கு எது வேண்டும் என்று இருவருமே கேட்கவில்லை.

அக்கேள்வியை எழுப்பிய ஒரு வழக்கை ஈண்டு நினைவுகூர்தல் தகும். இந்துக்கள் தத்தெடுப்பதற்கு 1956ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. அயல்நாட்டார்க்கு அத்தகைய சட்டம் ஏதுமில்லை. எனவே 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, குழந்தையைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று, அங்கே தத்தெடுத்தனர். இதில் நிகழ்ந்த முறைகேடுகளைச் சுட்டி 1982இல் இலட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1984 பிப்ரவரியில் நீதியரசர் பகவதி வழங்கிய தீர்ப்பு, குழந்தையின் நலனே முதன்மையானது என்றும், முதலில் இந்நாட்டிலேயே பெற்றோரைத் தேட வேண்டும் என்றும், ஏற்க வருவோரின் இல்லச்சூழலை ஆராய்ந்த அறிக்கை வேண்டும் என்றும் நெறிகளை வகுத்தது. 1993இல் உருவான ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்று உறுதி செய்தது. இன்று நடப்பில் உள்ள 2015ஆம் ஆண்டின் சட்டப்படி, குழந்தையை மனமுவந்து ஒப்படைக்கும் தாய்க்கு மீண்டும் எண்ணிப் பார்க்க இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் பின்னரே குழந்தை தத்துக்குரியதாக அறிவிக்கப்படும். அதன்பின் அறுபது நாள்களுக்குள் இந்தியப் பெற்றோரோ அயல்நாடு வாழ் இந்தியரோ ஏற்காவிடில்தான் பிறநாட்டார்க்கு வழி திறக்கும்.

இத்தனை காவல்கள் எதற்கு? புலம்பெயர்ந்த நமக்கு அது எளிதில் விளங்கும். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டோரும், தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்து மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி அலுவலகம் சென்றோரும் நம் முன்னோரே. மாற்றி நடப்பட்ட நாற்று வேர்பிடிக்கும் என்பதற்கு நாமே சான்று. எனினும் நாம் வெறுங்கையுடன் வரவில்லை. ஊரின் பெயரையும் உறவின் முறையையும் மொழியையும் உடன் கொண்டுவந்தோம். கோடை விடுமுறைக்குப் போக நமக்கு ஓர் ஊர் இருந்தது. கடல் கடக்கும் குழந்தைக்கோ ஊரும் உறவும் எல்லாம் ஒரு தாளில் எழுதிய சில வரிகளே. அவ்வரிகள் பொய்யாயின், அக்குழந்தை இழப்பது தன் வாழ்வின் முதல் ஏட்டையே.

அத்தகைய பொய் எழுதப்பட்டதும் உண்டு. ஏழையர் குடியிருப்புகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள், பெற்றோரே ஒப்படைத்தது போன்ற போலிப் பத்திரங்களுடன் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர் என்னும் குற்றச்சாட்டு 2005இல் சென்னையில் வெளிப்பட்டு நாட்டையே உலுக்கியது. அங்கே ஒரு தாய் தெருத்தெருவாய்த் தேடிக்கொண்டிருக்க, எங்கோ ஓர் இல்லத்தில் அன்பே உருவான இருவர், ஓர் அநாதைக்கு வாழ்வளித்தோம் என்று மகிழ்ந்திருப்பர். எத்துணை அன்பு ஊற்றினும், களவில் முளைத்த செடி அறமாகுமா? ஆகவே தொலைவு குற்றமன்று, பொய்யே குற்றம்.

இதனை நம் மணிமேகலைக் காப்பியம் என்றோ சிந்தித்திருக்கின்றது. பெற்ற தாய் சோலையில் விட்டுச் சென்ற ஆபுத்திரனை இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து மகனாக வளர்த்தான். பிறப்பைச் சொல்லி ஊரார் பழித்த நாளில் வளர்த்தவனும் கைவிட்டான். மறுபிறப்பிலோ அதே ஆபுத்திரனைக் கடலுக்கு அப்பால் சாவக நாட்டில், மகப்பேறற்ற பூமிசந்திரன் தன் மகனாகக் கொண்டு அரசும் தந்தான். பின்னாளில் அவன் அமரசுந்தரியிடம் தன் பிறப்பின் உண்மையைக் கேட்டறிந்தான்; கப்பலேறி மணிபல்லவம் வந்து தன் பழம்பிறப்பை உணர்ந்தான்; பின்னர்த் தன்னை வளர்த்த நாட்டுக்கே மீண்டான். வேரை அறிந்ததனால் உறவு அறுந்துவிடவில்லை. உள்நாட்டில் எடுத்து வளர்த்தவன் கைவிட்டான். அயல்நாட்டில் ஏற்றவன் அரியணை தந்தான். அறம் நாட்டெல்லையைப் பார்த்து அமைவதில்லை அன்றோ?

தன் வேரைத் தேடும் உரிமையை இன்றைய விதிகளும் தத்துப் பிள்ளைக்கு அளிக்கின்றன. அதேபொழுது, தன் பெயர் வெளிப்படலாகாது என்று வேண்டிய தாயின் விருப்பத்தையும் அவை மதிக்கின்றன. இவ்விரண்டு நியாயங்களும் மோதும் இடம் உண்டு. பிள்ளையின் ஏக்கமும் மெய். யாருக்கும் சொல்ல முடியாத துயரில் பிள்ளையை ஒப்படைத்தவளின் அச்சமும் மெய். அவள் வாழ்வைக் குலைத்துப் பெறும் விடை பிள்ளைக்கும் ஆறுதலாகாது. ஆயினும், நீ தத்துப் பிள்ளை என்னும் உண்மையை மறைக்க வளர்ப்போர்க்கு எந்த நியாயமும் இல்லை.

இறுதியாக, நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. முதல் உரிமை இந்தியப் பெற்றோர்க்கு என்று சட்டம் சொல்கின்றது. அவ்வுரிமையை நாம் எவ்வாறு பயன்படுத்துகின்றோம்? நிறம் கேட்கின்றோம், குலம் கேட்கின்றோம், குறையற்ற பச்சிளங் குழந்தையே வேண்டும் என்கின்றோம். வயது ஏறியதும், உடற்குறை உள்ளதும், உடன்பிறந்தாரோடு சேர்ந்து வந்ததும் காத்துக் கிடக்கின்றன. கடல் கடக்கும் குழந்தைகளுள் பலர் இவர்களே. நாம் வேண்டாம் என்ற குழந்தையை எங்கோ ஒருவர் வேண்டும் என்று அள்ளிச் செல்லும்போது, நம் மண்ணின் மானம் போயிற்று என்று வருந்துவதில் பொருள் யாது?

எல்லோரும் தத்தெடுக்க இயலாது. ஆனால் தத்தெடுத்த இல்லத்தை நோக்கி, சொந்தப் பிள்ளையா என்று கேட்காதிருக்க எல்லோராலும் இயலும். அக்குழந்தைக்கு அத்தையாகவும் மாமனாகவும் பாட்டியாகவும் நாம் இருக்க இயலும். பிழைப்பு நாடி வந்த நம்மை இந்நகர் ஏற்றது. ஒரு தொட்டிலை ஏற்க நம் இல்லங்களும் கற்றுக்கொள்ளட்டும்.