முதுமையில் தாள் பேணல்

ஆண்டு அறுபதைக் கடந்த அடியார் சிலர், நாடோறும் திருக்கோயிலை வலம்வந்த வழக்கத்தை ஒருநாள் நிறுத்திவிடுகின்றனர். கொடுநோய் ஒன்றும் உற்றிலர். குளத்துப்படியில் ஒருமுறை கால் வழுக்கியது, அல்லது வாயிற்படியைத் தாண்டுங்கால் உடல் தள்ளாடியது, அவ்வளவே. அதன்பின், "இருந்த இடத்திருந்தே நினைத்தல் அமையும்" என்று திண்ணையில் அமர்ந்துவிடுவர். காலுக்குச் சிறிது பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் கூறின், "அழியும் யாக்கையைப் பேணுதல் சைவர்க்குத் தகுமோ?" என வினவுவர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. பேணுதல் பற்றாயின் அது விடத்தக்கது. கடமையாயின் அதனை விடுதல் குற்றமாம். ஆதலின் அஃது ஈண்டு ஆராயப்படும்.

நூல்கள் யாக்கையை இகழ்ந்தன என்பது மெய்யே. ஆயின் திருமந்திரத்தின் முதற்றந்திரத்தில் யாக்கை நிலையாமையை வைத்த திருமூலரே, மூன்றாந் தந்திரத்தில் காயசித்தி உபாயத்தையும் வைத்தார். இவை தம்முள் முரணுமோ எனின், முரணா. உடம்பே யான் என்று மயங்குவானுக்கு முன்னது மருந்து; உடம்பு கருவி என்று தெளிந்தானுக்குப் பின்னது துணை. தனு கரண புவன போகங்கள், ஆணவ இருளிற் கிடந்த உயிரின்மாட்டு இரங்கி இறைவன் மாயையினின்றும் கூட்டுவித்தன என்பதன்றோ சித்தாந்தம்? தத்துவம் 36-ஐ எண்ணுங்கால் பாதத்தைக் கன்மேந்திரியம் ஐந்தனுள் ஒன்றாக வைத்ததும் அக்கருத்துப் பற்றியேயாம். உழவாரம் தனக்கு உரியதன்று என எண்ணி அதனைத் துருவேற விடுவானைத் திருத்தொண்டன் என்பார் யார்?

அற்றேல், கயிலை காணச் சென்ற திருநாவுக்கரசு சுவாமிகள் கால் தேயவும், கை தேயவும், மார்பு தேயவும், பின் உருண்டும் சென்றனரே. அவர் உடம்பைப் பேணினரோ எனின், கூறுதும். சுவாமிகளின் தாள் தேய்ந்தது நடந்தமையாலேயன்றி இருந்தமையால் அன்று. அன்றியும், அத்தாள் தேய்ந்தவாறே ஒழியவிடப்படவும் இல்லை. இறைவன் அவருக்கு உறுப்புக்களை மீள நிரப்பி, பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச்செய்தான். பின்னர்த் திருப்பூந்துருத்தியில் ஆளுடைய பிள்ளையாரின் சிவிகையைத் தாங்கியவர் அப்பெருமானே. அன்று பிள்ளையார் இளையர், சுவாமிகள் முதிர்ந்தவர். மீளப்பெற்ற தாள் எப்பணிக்கு ஆயிற்று என்பதைச் சேக்கிழார் திருவாக்கிற் கண்டுகொள்க. 81 ஆண்டு வாழ்ந்தவர் என மரபு போற்றும் சுவாமிகளின் கை, இறுதிக்காலத்துத் திருப்புகலூரிலும் உழவாரத்தை விட்டிலது.

இனி, விழுதல் வினைவழி வருவது. பயிற்சியால் அது தடுக்கப்படுமோ என்பாரும் உளர். பசியும் வினைவழி வருவதே. அதுபற்றி எவரும் உண்ணாதிருந்திலர். உடல் நிமிர்ந்து நிற்றற்குக் கண்ணும், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பும், தசையும் மூட்டும் தரும் உணர்வும் ஒருங்கு உதவுதல் வேண்டும் என்பர் மருத்துவர். மூப்பில் இவை மங்குகின்றன, தசையும் சுருங்குகின்றது. விழுவோம் என்று அஞ்சி நடையைக் குறைப்பார்க்கோ தசை மேலும் மெலிந்து, அஞ்சிய விழுதலே எளிதாய் விடுகின்றது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுதலால் இறக்கின்றனர் என 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவருள் மிகுதியோர் முதியோரே. 65 ஆண்டு கடந்தார் வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சி செய்தல் வேண்டும் என்பது அந்நிறுவனம் 2020-இல் வகுத்த நெறி. காலம் கடந்துவிட்டதே என்பார்க்கும் விடை உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 90 வயதை ஒட்டிய மெலிந்த முதியோர் சிலரைக் கொண்டு 8 வாரம் கால்வலிமைப் பயிற்சி செய்வித்தனர். அவருடைய தசைவலிமை பெரிதும் மிக்கது என 1990-இல் வெளியான ஆய்வு கூறிற்று.

அப்பயிற்சிகள்தாம் யாவை? கை ஊன்றாது இருக்கையினின்று எழுதல், சுவரையோ தூணையோ அடுத்து ஒருகாலில் நிற்றல், முன்னடியின் குதிகாலைப் பின்னடியின் விரல் தொட வைத்து நடத்தல் என்பன. ஈற்றில் கூறியது சைவர்க்குப் புதிதோ? அடிமேலடி வைத்து வலம்வரும் அடிப்பிரதட்சிணம் அதுவே. நிலத்தில் விழுந்து வணங்கி மீள எழுதலும் காலுக்கும் இடைக்கும் உறுதி தருவதாம். காலைக் காக்க எண்ணிச் சரியையை விட்டவர் அதனோடு காலின் உறுதியையும் இழந்தனர். தலைச்சுற்றும் மூட்டுநோயும் உடையார் மட்டும் மருத்துவரை வினவியே தொடங்குக.

ஈண்டு ஒன்று கூறவேண்டும். விளக்கிடுவோர் கருங்கல் தளத்தில் எண்ணெயைச் சிந்திவிட்டு அப்படியே போய்விடுகின்றனர். திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் தொண்டாயின், முதியோர் வழுக்கி வீழாமல் அவ்வெண்ணெயைத் துடைத்தலும் தொண்டே. இளைஞர் இதனை மேற்கொள்வாராக.

பயிற்சி செய்தும் தாள் தளர்ந்தார் செய்யத்தக்கது யாது? கோலூன்றலாம், மகன் கையையோ பெயர்த்தி தோளையோ பற்றலாம். ஆயின் நூல் பல கற்ற முதியோரும் இதற்கு நாணுகின்றனர். "யான் இன்னும் பிறர் கை பற்றும் நிலைக்கு வரவில்லை" என்னும் சொல்லில் ஒலிப்பது யாது? உயிர் என்றும் ஒன்றைச் சார்ந்தே நிற்கும் இயல்பினது என்று பிறர்க்கு ஓதுவார், ஒரு மூங்கிற்கோலைச் சார்தற்கு நாணுதல் வியப்பே. உடம்பைப் பேணுதலில் பற்று உண்டோ என அஞ்சுவார், பேணாமையில் செருக்கு உண்டோ எனவும் ஆராய்தல் வேண்டும்.

திருவாரூரில் தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணிலாதவர். திருக்குளம் தூர்ந்து குறைதல் அறிந்து, அதனைக் கல்லத் துணிந்தார். குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண்ணைக் கூடையிற் சுமந்து ஏறியிறங்கினார். கண்டு எள்ளினர் சிலர். பின்னர்த் தறியையும் கயிற்றையும் பறிக்கவும் செய்தனர். அடிகள் பணியை விடவுமில்லை; கயிறு பற்றி நடத்தற்கு ஒருநாளும் நாணவுமில்லை.