பாவையும் வீரமும்

மனிதன் தன்னினும் மேலான ஒருவனை எண்ணும்போதே அவனுக்கு ஓர் உருவத்தையும் சமைத்துக்கொள்கிறான். இதற்குச் சான்று தேடி நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. போர்ட் டிக்சன் சாலையிலும் பகாவ் வட்டாரத்திலும் பால்மரக் காட்டின் ஓரங்களில் மீசை முறுக்கி, வாளோங்கி நின்ற மதுரை வீரனும் முனியாண்டியும் லயத்து மக்களுக்கு மூன்று தலைமுறைக் காவலாக இருந்தனர். மரம் சீவப் போகிறவர் இருட்டோடு எழுந்து அந்த உருவத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டே பெரட்டுக் களத்துக்கு நடந்தார்.

அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து செனவாங், நீலாய் தொழிற்பேட்டைகளுக்குப் பெயர்ந்த குடும்பம் ஒன்றின் வரிசை வீட்டை எண்ணிப் பார்க்கலாம். கூடத்தின் ஒரு சுவரில் சாமிப் படங்கள், எண்ணெய் விளக்கு. எதிர்ச்சுவரில் மின்விளக்கிட்ட கண்ணாடிப் பேழை. அதனுள் அயர்ன் மேன், ஸ்பைடர்மேன், பேட்மேன் என அணிவகுத்து நிற்கும் உருவங்கள். ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று வணிகர் வழங்கும் இவற்றை வீரப்பாவை எனத் தமிழில் அழைக்கலாம். அவற்றை வாங்கிச் சேர்ப்பது மட்டுமன்றி, ஒவ்வொன்றையும் ஆய்ந்து அதன் நிறைகுறைகளைப் பிறர்க்கு எடுத்துரைப்பதும் அவ்வீட்டு மகனின் ஓய்வுநேரத் தொழில்.

இதைக் காணும் பெரியவர்கள் காசைக் கரியாக்கும் வேலை என்பர். இளைஞரோ, என் உழைப்பு, என் விருப்பம் என்பர். இரண்டும் விடையல்ல, வாயடைக்கும் சொற்களே. பணம் யாருடையது என்பது இங்குக் கேள்வியே அன்று. வீரன் ஒருவனின் உருவத்தை வீட்டில் வைத்திருப்பவனுக்கு அவ்வுருவத்தின்பால் ஏதேனும் கடமை உண்டா என்பதே கேள்வி.

பழந்தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. விளையாட்டுப் பொருளையும் வீரனின் உருவத்தையும் அவர்கள் தனித்தனியே அறிந்திருந்தனர். மூன்று கால்களையுடைய சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. தச்சர் செய்த, ஊர்ந்து செல்லாத சிறு தேரைச் சிறுவர் உருட்டி விளையாடியதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. வீரனுக்கோ அவர்கள் கல் நட்டனர். கல்லைக் காணுதல், கால்கோள் செய்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என அறுவகை நிலைகளைத் தொல்காப்பியம் அதற்கு வகுக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்-பிராமி நடுகல் ஒன்று ஊரின் பெயரையும் ஆநிரை கவர்ந்த பூசலையும் வீரனின் பெயரையும் ஒரு சில சொற்களில் அடக்கி நிற்கிறது. அதில் உருவம்கூட இல்லை. ஆயினும் ஊரார் அக்கல்லுக்குக் கடன்பட்டவர்களாக இருந்தனர். இறந்தவன் அவர்கள் பொருட்டு இறந்தான். ஆகவே கல் அவர்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தது.

தோட்டத்து மதுரை வீரன் இந்த மரபின் பிள்ளை. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்று கதை சொல்லும் அவனைச் சிலையில் முழு உடலோடு நிறுத்தியது மக்களின் நன்றியுணர்ச்சி. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ திரைப்படம் வந்தபின் அவன் முகம் சற்றே மாறியது. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய அக்காலத்தில், காட்சி முடிந்த மறுநாள் லயத்துப் பிள்ளைகளின் கையிலெல்லாம் குச்சி வாளாகும். பால் டின்னின் மூடி கேடயமாகும். அந்த வாளுக்கு விலையில்லை. மாலைக்குள் முறிந்தும் போகும். இதைச் சொல்லி வறுமையைப் புகழ்வது தவறு. அந்தப் பிள்ளைகளுக்குக் கடைப் பொம்மை கிடைத்திருந்தால் குச்சியை எறிந்துவிட்டுத்தான் ஓடியிருப்பார்கள். கருதத்தக்கது வேறு: குச்சியை ஏந்திய பிள்ளை வீரனை வைத்திருக்கவில்லை, சற்று நேரம் வீரனாகவே இருந்தது.

வீரப்பாவையின் வரலாறு நீண்டதன்று. ஆண்பிள்ளைகள் பொம்மை என்ற சொல்லுக்கு நாணுவர் என்றெண்ணி, 1964இல் அமெரிக்க நிறுவனமாகிய ஹாஸ்ப்ரோ தன் படைவீரப் பொம்மைக்கு இப்புதுப் பெயரைச் சூட்டியது. 1972இல் மெகோ நிறுவனம் சூப்பர்மேன், பேட்மேன் முதலியோரைத் துணியுடுத்திய எட்டு அங்குல உருவங்களாக்கியது. 1977இன் கிறிஸ்துமஸ் காலத்தில் நடந்ததுதான் வியப்பு. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் பாவைகளைக் கென்னர் நிறுவனத்தால் உரிய நாளில் செய்து முடிக்க இயலவில்லை. எனவே அது வெறும் அட்டை உறையை விற்றது. உள்ளே இருந்தது நான்கு பாவைகள் பின்னர் அனுப்பப்படும் என்ற உறுதிச்சீட்டு. பெற்றோர் அதையும் வாங்கினர். இன்று அந்த வெற்று உறையையே பொன்போல் போற்றுவோர் உளர்.

ஹாங்காங்கில் 2000இல் தோன்றிய ஹாட் டாய்ஸ் நிறுவனம் இதை ஒரு நுண்கலை ஆக்கிவிட்டது எனலாம். மனித உடலின் ஆறில் ஒரு பங்கு அளவு, ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் உயரம். நடிகரின் கண்ணருகே தோன்றும் சுருக்கம் வரை வண்ணத்தில் வந்துவிடும். விலை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை அதனருகே வைத்துப் பார்த்தால், தாய் ஏன் பெருமூச்சு விடுகிறாள் என்பது விளங்கும். மலையகத்துக்கும் இத்தொழிலோடு உறவுண்டு. சிறார் உருட்டும் ஹாட் வீல்ஸ் கார்களின் அடிப்பாகத்தில் மலேசியா என்ற பெயரைக் காணலாம். பினாங்கு மாநிலத்துப் பிறையில் மேட்டல் நிறுவனத்தின் தொழிற்சாலை அவற்றைச் செய்கிறது. பட்டினப்பாலையின் சிறுதேர் இன்று இங்குதான் வார்க்கப்படுகிறது.

பாவையை ஆய்வோரின் முறையைச் சற்று உற்றுநோக்குதல் தகும். மூட்டுகள் எத்தனை, முழங்கை எவ்வளவு மடங்குகிறது, முகம் படத்தில் உள்ளவர்க்கு ஒத்திருக்கிறதா, வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்துள்ளதா, விலைக்கு ஏற்ற வேலைப்பாடா என்றெல்லாம் அவர்கள் நிறுத்துப் பார்க்கின்றனர். தமக்குப் பிடித்த நாயகனேயாயினும் பாவை பழுதாயின் பழுதென்றே உரைக்கும் நேர்மை அவர்களுள் நல்லவர்க்கு உண்டு. வேண்டியவர் நூலென்றால் குறை காணத் தயங்கும் இலக்கிய மதிப்புரைகளில்கூட இந்நேர்மை எப்போதும் வாய்ப்பதில்லை.

இந்த ஆய்வைவிட ஆழமான ஓர் ஆய்வு நீதிமன்றத்தில் நடந்தது. அன்றைய அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் மனிதரைக் குறிக்கும் உருவம் ‘பொம்மை’. அதற்கு வரி 12 விழுக்காடு. மனிதரல்லாதவற்றைக் குறிப்பது ‘விளையாட்டுப் பொருள்’. அதற்கு வரி 6.8 விழுக்காடு. எக்ஸ்-மென் பாவைகளை இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம், இவர்கள் மனிதரே அல்லர் என்று வழக்காடியது. 2003 ஜனவரியில் அந்நாட்டுப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. இதிலுள்ள முரண் மெல்லியதன்று. 1963இல் தோன்றிய எக்ஸ்-மென் கதைகளின் உயிர்நாடியே, பிறப்பால் வேறுபட்ட தங்களையும் மனிதராக மதியுங்கள் என்று அவர்கள் உலகிடம் இறைஞ்சுவதுதான். அக்கதைகளுக்குரிய மார்வெல் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமே, வரியில் சில விழுக்காடு மிச்சப்படும் என்பதற்காக அவர்களை மனிதக் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னது.

பாவைக்கு வலிக்காது, உண்மை. ஆனால் தோட்ட வரலாறு அறிந்தவர்க்கு இத்தீர்ப்பு நகைப்பு மட்டும் தருவதில்லை. பெரட்டுக் களத்தில் தலை எண்ணப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். மனிதனை எந்தப் பத்தியில் எழுதினால் செலவு குறையும் என்று பார்க்கும் கணக்குப் புத்தகம் அவர்களுக்குப் புதிதன்று.

அடுத்தது பிரிக்கப்படாத பெட்டி. பாவையின் பெட்டியைத் திறந்தால் மதிப்புக் குறையும் என்பது சேகரிப்போரிடையே எழுதாச் சட்டம். திறக்காத பெட்டியை ஆய்ந்து, 100க்கு இத்தனை என மதிப்பெண் இட்டு, ஒளி ஊடுருவும் உறையில் அடைத்துக் கொடுக்கும் நிறுவனங்களும் அமெரிக்காவில் உள்ளன. வாய் திறக்காத மாணவனுக்கு முதல் மதிப்பெண் வழங்குவது போன்ற ஏற்பாடு இது. ஆசிரியர்கள் சிலருக்கு இது உவப்பாகவும் இருக்கக்கூடும்! நன்றியில் செல்வம் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், துய்க்காமலும் ஈயாமலும் பூட்டி வைத்த பொருளை இரக்கத்தோடு நோக்கினார். அவர் பொன்னையும் நெல்லையும் எண்ணியிருக்கலாம். விளையாட்டையே பூட்டி வைக்கும் காலம் வரும் என்று எவர்தாம் எண்ணியிருப்பர்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலிமையானதே. எவரோ பேணி வைத்திராவிடின் அருங்காட்சியகம் ஏது? ஏடு காத்தவர் இல்லையேல் சங்க இலக்கியம் ஏது? ஆம். ஆயினும் ஏடுகளின் கதையை முழுதும் நினைக்க வேண்டும். பல வீடுகளில் ஏடு பரண்மேல் இருந்தது. கலைமகள் பூசையன்று மட்டும் இறக்கப்பட்டுச் சந்தனம் பூசப்பட்டு, பிரிக்கப்படாமலே திரும்ப ஏறியது. அவற்றைக் கறையான் படித்தது. சில ஆற்றிலும் விடப்பட்டன. உ.வே.சாமிநாதையரும் சேகரித்தவர்தாம், ஆனால் அவர் கட்டை அவிழ்த்தார், ஒப்பிட்டார், பிழை கண்டார், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து ஊருக்குக் கொடுத்தார். பரண்மேல் ஏடு வைத்திருந்தவரும் ஐயரும் ஒரே பொருளைத்தான் போற்றினர். ஒருவர் கையில் அது இறந்தது.

இந்த அளவுகோலால் நோக்கின், பெட்டியைத் திறந்து, மூட்டை அசைத்து, கண்டதைப் பொய்யின்றிச் சொல்லும் இளைஞன் பூட்டி வைப்பவனினும் மேலானவன். அவன் பொழுதை வீணாக்குகிறான் என்று எளிதில் கூறிவிட இயலாது. அவனிடம் கூர்ந்து காணும் கண் இருக்கிறது. 2019இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தில் அயர்ன் மேன் உலகைக் காத்து உயிர்விடுகிறான். காயமுற்ற, சிதைந்த கவசத்தோடு அவனது இறுதிநிலை பாவையாகவும் வந்தது. அது அவன் அணிந்த 85ஆவது கவசம் என்பதை அவ்விளைஞன் உறக்கத்திலும் சொல்வான். அப்பாவையின்முன் அவன் ஒரு கணம் அமைதியுற்று நிற்பான் எனில், அங்கே நடுகல்லின் நிழல் விழுகிறது என்பதை மறுக்கலாகாது. கற்பனை வீரனாயினும் பிறர்க்காக இறந்தவன் என்ற எண்ணம் உண்மையானதே.

ஆனால் இறந்த உண்மை வீரர்க்கு உருவம் இல்லாத நிலையையும் சொல்லியாக வேண்டும். 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தனர். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். காலராவிலும் பட்டினியிலும் மழைக்காட்டிலும் அவர்களுள் எண்ணற்றோர் மாண்டனர். போர்க் கைதிகளாக இறந்த வெள்ளைப் படைவீரர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர்களுக்கென அதே காஞ்சனபுரியில் தமிழர் ஒரு கல்லை நிறுவியது மிக அண்மையில்தான். அதற்கு அவர்கள் இட்ட பெயர் நடுகல்.

போனவர்கள் ஒருவரையும் காத்தவர் அல்லரே, பிடித்துச் செல்லப்பட்டவர்கள்தாமே, வீரர் என்பது பொருந்துமா என்று கேட்கலாம். தம்பிக்குப் பதிலாக அண்ணனும், பிள்ளைக்குப் பதிலாகத் தந்தையும் லாரியில் ஏறிய கதைகள் தோட்டங்களில் வாய்மொழியாக வழங்கின. அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

நீலாய் வரிசை வீட்டின் பேழைமுன் பக்கத்து வீட்டுச் சிறுவன் வந்து நின்று ஒவ்வொரு பாவையையும் காட்டி, இவன் என்ன செய்தான், இவன் என்ன செய்தான் என்று கேட்கக்கூடும். இளைஞன் தயங்காமல் சொல்வான். பெட்டியைத் திறந்து கையிலும் கொடுப்பான். அச்சிறுவனே எதிர்ச்சுவரைக் காட்டி, சாமிப் படங்களின் நடுவே படமில்லாமல் வெறும் பொட்டிட்டு மாலை சூட்டிய இடம் யாருக்கு என்று கேட்டால், சயாமுக்குப் போன கொள்ளுத்தாத்தா என்ற அளவே அவனால் சொல்ல முடியும். அவர் எந்தத் தோட்டத்திலிருந்து போனார், எந்த முகாமில் இறந்தார் என்பதைக் கேட்க வேண்டுமென்றால் பாட்டி அடுப்படியில்தான் இருக்கிறாள்.