யாரும் பார்க்காத பாடம்

தமிழ்நாட்டில் ஒருவர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர வேண்டுமானால் முதலில் ஒரு பட்டம், பிறகு பி.எட்., அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கும் பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. நடுவில் பலர் ஒரு எம்.ஏ.வையோ எம்.எஸ்சி.யையோ முடித்திருப்பார்கள். இத்தனையும் தாண்டி வருகிறவர், நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்துவதை வேலை தரும் அரசின் சார்பில் யாராவது ஒருமுறையாவது பார்த்திருக்கிறார்களா? இல்லை. தகுதித் தேர்வு என்பது 150 கொள்குறி வினாக்கள். முதுகலை ஆசிரியர் தேர்விலும் 150தான். அவற்றில் பாடத்துக்கு 110, பொது அறிவுக்கு 10, எப்படிக் கற்பிப்பது என்ற கல்வியியலுக்கும் உளவியலுக்கும் சேர்த்து மீதி 30. “ஒரு டெமோ கிளாஸ் எடுங்க, பார்ப்போம்” என்று கேட்பது பெரும்பாலும் தனியார் பள்ளிகள்தான். சம்பளம் என்று வரும்போது அவர்களிடம் நாம் கேட்க முடியாத கேள்விகள் நிறைய உண்டு. இந்த ஒரு கேள்வியை மட்டும் அவர்கள் சரியாகக் கேட்கிறார்கள்.

அரசு ஏன் பார்ப்பதில்லை? பி.எட். படிக்கும்போதே அதெல்லாம் பார்த்தாகிவிட்டது என்ற நம்பிக்கைதான். ஏட்டளவில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைப்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. மொத்தம் 20 வாரங்கள் பள்ளிகளில் கழிய வேண்டும். அவற்றில் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில் வகுப்பெடுக்கும் பயிற்சி. கல்லூரி வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 வேண்டும். இதை எழுதியவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது.

அந்த 16 வாரங்களில் நடப்பது என்ன? பயிற்சி ஆசிரியர்கள் நான்கைந்து பேராகப் பள்ளிக்கு வந்து சேர்கிறார்கள். தலைமையாசிரியருக்கு உள்ளூர மகிழ்ச்சி. இரண்டு பணியிடம் காலி, ஒருவர் மகப்பேறு விடுப்பில், இன்னொருவர் கணினி முன் உட்கார்ந்து மாணவர் விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறார். வந்தவர்களை ஆளுக்கொரு வகுப்புக்கு அனுப்பிவிடலாம். வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் பெயர் கோப்பில் இருக்கும். அவருக்கும் அந்த நேரத்தில் வேறு வகுப்போ விடைத்தாள் கட்டோ காத்திருக்கும். மாலையில் பாடக்குறிப்பை நீட்டினால் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வேலைக்கென்று நேரம் ஒதுக்காமல் பொறுப்பை மட்டும் அவர் தலையில் வைத்திருக்கிறோம். பயிற்சிக்கு வந்த பெண் எட்டாம் வகுப்பில் பின்னத்தைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தாலும் சரி, பிறவி ஆசிரியையாக இருந்தாலும் சரி, இரண்டும் அந்த நான்கு சுவர்களுக்குள்ளேயே தங்கிவிடும். பார்த்த சாட்சி பிள்ளைகள் மட்டுமே. அவர்களிடம் மதிப்பெண் பட்டியல் இல்லை.

மதிப்பெண் வேறிடத்தில் விழுகிறது. பி.எட். படித்த யாரையும் கேளுங்கள், ரெக்கார்டு நோட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். நுண்ணிலைக் கற்பித்தலுக்கு ஒன்று, பாடக்குறிப்புக்கு ஒன்று, உளவியல் சோதனைக்கு ஒன்று, பிறகு சார்ட், ஆல்பம், மாதிரிப் பொருட்கள். செய்முறைத் தேர்வன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் ஒரு நாளில் பார்க்க வேண்டியது ஒரு மலை. ஆகவே அட்டை நேர்த்தியாக இருக்கிறதா, கலர் பேனாவில் அடிக்கோடு இட்டிருக்கிறதா என்பது பார்வையில் படும். பணம் வாங்கிக்கொண்டு ரெக்கார்டு எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பாடக்குறிப்பின் ஒவ்வொரு படியும் அதைச் சமர்ப்பிக்கிறவரைவிட நன்றாகவே தெரியும். கற்பித்தல் பட்டத்தை நியாயமாக அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

நுண்ணிலைக் கற்பித்தலின் கதை இன்னும் விசித்திரமானது. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவும் இதை உருவாக்கினார்கள். சில நிமிடப் பாடம், ஒரே ஒரு திறன், கையளவு மாணவர்கள். முடிந்ததும் கூர்ந்து பார்த்த ஒருவர் எங்கே சறுக்கியது என்று சொல்வார். அதைத் திருத்தி மறுபடி நடத்த வேண்டும். கவனித்துச் சொல்வதும் திருத்தி நடத்துவதும்தான் இதன் உயிர். நம் கல்லூரிகள் பலவற்றில் சக மாணவர்களே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க, ‘கிளர்வினா கேட்கும் திறன்’ ஒரு முறை நடந்து முடிகிறது. திருத்தி நடத்தியதும் நோட்டில் வந்துவிடும். நடக்காத அந்த இரண்டாம் பாடத்துக்கும் தேதி உண்டு.

சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. 1856இல் அரசு நார்மல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. அதையொட்டி ஒரு மாதிரிப் பள்ளி இருந்தது, பயிற்சி பெறுபவர் பாடம் நடத்துவதை ஆசிரியர் நேரில் பார்ப்பதற்காக. மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனே எல்.டி. பயிற்சிக்காக அங்கே அனுப்பப்பட்டார். அவர் பிறந்தநாளில் ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்கு ரோஜா கொடுக்கிறோம்.

பிறகு கல்லூரிகள் பெருகின. இன்று தமிழ்நாட்டில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. கலந்தாய்வில் நிரப்பப்படும் இடங்கள் இரண்டாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். மற்ற நூற்றுக்கணக்கான கல்லூரிகள் எல்லாம் சுயநிதி. நன்றாக நடத்துகிறவர்கள் அவற்றில் இல்லாமல் இல்லை. ஆனால் “தினமும் வரணுமா சார்?” என்பது சேர்க்கை நாளிலேயே கூச்சமின்றிக் கேட்கப்படும் கேள்வியாகிவிட்டது. பெண்ணுக்கு வரன் அமையும்வரை ஒரு பி.எட். என்று சேர்க்கும் வீடுகளும் உண்டு. உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் ஆசிரியர் கல்வியின் நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதைச் சுட்டிக்காட்டி, தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆணையத்தின் அறிக்கையில் நோய் இன்னதென்று தெரிந்ததும், 2014 விதிமுறையில் ஓராண்டுப் படிப்பை இரண்டாண்டாக்கினார்கள். விற்கிற கடையில் பொட்டலத்தைப் பெரிதாக்கியது போல ஆயிற்று. இப்போது நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு மறுபடியும் ஓராண்டு என்கிறார்கள்.

பட்டத்தை நம்ப முடியாத அரசு தேர்வை நம்பத் தொடங்கியது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தேறாத லட்சக்கணக்கானோரும் முறைப்படி பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான். தேர்வு நேரம் போதவில்லை என்று குரல் எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. அக்டோபரில் நேரத்தைக் கூட்டி மறுதேர்வு வைத்தார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த கல்லூரிகளை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், கட்டாயக் கல்விச் சட்டம் வருமுன் பணியில் சேர்ந்தவர்களேயானாலும், இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கிறவர் இப்போது கோச்சிங் சென்டரில் உட்கார வேண்டும். அவருடைய தகுதியை அறிய மிக எளிய வழி அவர் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காருவது. அது யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாமலிருக்கக் காரணம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பெடுக்க வைத்து ஆளெடுக்கலாம் என்று நாளைக்கே அரசாணை வந்தால், மதிப்பெண் போடுகிறவர் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். கொள்குறி வினாவுக்குச் சாதி தெரியாது, சிபாரிசும் தெரியாது. எளிய வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்தக் கருப்பு வட்டங்களை நம்பித்தான் படிக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் கைவைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் வேலையும் லஞ்சமும் குறுக்கிடாமல் ஒருவர் கற்பிப்பதைப் பார்க்க நமக்கு மிஞ்சியிருப்பது பி.எட்.டின் அந்த 16 வாரங்கள் மட்டுமே. அதற்கு வழிகாட்டி ஆசிரியரின் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது குறைத்துக் கொடுக்க வேண்டும், அது கல்வித் துறையின் வேலை.

துறை செய்யும்வரை, இதைப் படிக்கும் மூத்த ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியர் வந்தால், ஒரு பாடவேளை கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். பார்த்ததை அவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.