மானிப்பாய் வைத்தியரும் பசுபுண்ணியமும்

ஆவொன்று தன் செவியிற் கங்கைநீர் கொணர்ந்து இறைவனை ஆட்டியதென்பது எம்மூராகிய திருக்கோகர்ணத்தின் தலவரலாறு. இடைவழியில் வேங்கை மறித்தபோது, பூசை முடித்து மீண்டு வந்து இரையாவேன் என்று அவ்வா சொல்லிற்று, சொன்னவாறே மீண்டது. இதனைப் பலகாற் பிறர்க்கு எடுத்துரைத்த யாமோ, அக்கோயில் முன்றிலில் ஓர் அன்பர்க்குக் கொடுத்த சொல்லை முப்பதாண்டு நிறைவேற்றாதிருந்தோம்.

அவ்வன்பர் போரினால் யாழ்ப்பாணத்தினின்றும் பெயர்ந்து இப்பக்கம் வந்து தங்கிய முதிய சைவர். "ஐயா, மானிப்பாய்க் கிறீன் வைத்தியரைப் பற்றி நீங்கள் ஒன்று எழுதவேண்டும். என் முப்பாட்டியார் பேறுகாலத்திற் பிழைத்தது அவரிடம் படித்த ஒரு தமிழ் வைத்தியராலே" என்றார். கிறித்து சமயம் பரப்ப வந்தவரைச் சைவர் நினைந்து போற்றுதல் தகுமோ என்று உள்ளங் கூசி, "பின்னர் எழுதுவோம்" என்று சொல்லி விடுத்தோம். அன்பர் சிவபதமடைந்து நெடுநாளாயிற்று.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் அமெரிக்க தேயத்து ஊஸ்டர் நகரில் 1822 அக்டோபர் மாதம் பிறந்தவர். அவ்வாண்டு டிசம்பரிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலர் தோன்றினார். நியூயார்க்கில் 1845-இல் மருத்துவப் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷனைச் சார்ந்து 1847-இல் யாழ்ப்பாணம் புகுந்து, மறு ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார். நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியதும் அந்த 1848-லேயாம். ஒருவர் சமயத்தை மற்றவர் மறுத்து நின்ற காலம் அது. ஆயினும் நாவலர் பஞ்சகாலத்திற் கஞ்சித்தொட்டி வைத்துப் பசி தீர்த்தார். கிறீன் பிணி தீர்த்தார்.

இவர் அறுபதின்மர்க்கு மேற்பட்ட தமிழரை மருத்துவராக்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், ஊர்தோறும் சென்று உதவுவார் தமிழிற் கற்றவரே எனத் தேர்ந்து, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் இவராலும் இவர்தம் மாணவராலும் தமிழில் வந்தன. (கெமிஸ்தம் என்னுஞ் சொல்லாக்கம் எமக்கு உடன்பாடன்று, எனினும் வேதிநூல் தமிழில் எழுதவொண்ணாதென்று இன்றுங் கூறுவார், 1875-இல் அச்சேறிய அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.) தம் மாணவர் நாட்டுடையையும் நாட்டொழுக்கத்தையும் விட்டு வெள்ளையரைப் போல ஒழுகுதலையும் இவர் விரும்பிற்றிலர்.

இனி இவருடைய இல்லறம். தனியராய்க் கடல்கடந்த கிறீன், கிறீன்ஹில் என்னுந் தம் குடிமனையில் இருந்தார்க்கு ஓயாது கடிதம் விடுத்தார். அவற்றுட் பல, அவர் மறைந்தபின் 1891-இல் வாழ்க்கை வரலாற்றோடு நூலாயின. 1857-இல் தாயகஞ் சென்று, 1862-இல் மார்கரெட் என்னும் அம்மையாரை மணந்து, அவரோடு மானிப்பாய்க்கே மீண்டார். உடல்நலங் குன்றியமையின் 1873-இல் மனைவி மக்களோடு பிறந்தகம் ஏகினார். அங்கும் தமிழைக் கைவிட்டாரல்லர். யாழ்ப்பாணத்து மாணவரோடு ஏடுகள் வாயிலாகத் தொடர்புகொண்டு நூற்பணி புரிந்தார். மனுஷ சுகரணம் 1883-இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவராய்ச் சமயம் உரைத்தவர் என்னுங் கருத்து, அவர் விரும்பியவாறே கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.

மனைவி மக்கள்பாற் செல்லும் அன்பு பாசமாய்ப் பிணிப்பதன்றோ, அதனைப் போற்றுவதென்னை எனின், தொடர்புடையார் அளவில் நின்றுவிடின் பிணிப்பதே. கிறீனுக்கு அது வாயிலை அடைக்கவில்லை. தாயகத்தில் மக்களோடிருந்த பதினோராண்டும், தான் மீண்டு காணவொண்ணாத நாட்டின் நோயாளர் பொருட்டு அவர் கை எழுதிற்று. அவ்வெழுத்தை அன்பென்பதா அருளென்பதா என வரையறுக்க யாம் வல்லேமல்லேம்.

அற்றேல், சமயமாற்றங் கருதிச் செய்தது அறமாமோ எனின், இவ்வினா எளிதன்று. நோயுற்று வருந்துவானிடத்துச் சமயம் பேசுதல் எமக்கு இன்றும் உடன்பாடன்று. அக்காலத்துச் சைவர் இதனால் உற்ற நோவு பொய்யுமன்று. ஆயின் கண்ணப்பரை நினைமின். ஐயன் கண்ணிற் குருதி கண்டு அவர் முதற்கண் செய்தது மூலிகை தேடிக் கொணர்ந்து பிழிந்ததேயாம். அது பயன்படாமை கண்டே தங் கண்ணை இடந்தார். அவர் செய்கையைச் சிவகோசரியார் அருவருத்தார். இறைவன் கனவில் அவ்வன்பை உணர்த்தினான். கண்ணப்பர் அன்பு சிவன்பாற் சென்றது, இவரது அன்னதன்றே எனின், மெய்யே. இவர் செய்தது சிவபுண்ணியமன்று, பசுபுண்ணியமே. ஆயினும் எத்தெய்வத்தை நோக்கிச் செய்யினும் ஏற்றுப் பயனளிப்பான் சிவனொருவனே என்பது சித்தியார் உடைய அருணந்தி சிவனார் துணிபு. அவன் ஏற்றதனை யாம் மறுத்தல் எவ்வாறு? சிவபுண்ணியம் அன்றென்பதனைக் கூசாது சொல்லிவிட்டு, உதவி பெற்ற குடியினர் நன்றி கூறுதலைத் தடுக்க யாம் யார்?

முப்பதாண்டுக்கு முன்னர் இவ்வளவில் எண்ணிப் பார்த்திருப்பின், அன்பர் இருக்கவே எழுதியிருப்போம். அவர் முப்பாட்டியார் பிழைத்ததனாலன்றோ அவரும் பிறந்து, திருநீறணிந்து, எம்மோடு கோகர்ணேசர் முன்றிலில் இருந்து பேசினார்! அன்று அவர் தந்த சிறு குறிப்பேடு இன்னும் எம் ஏட்டுப்பெட்டியில் உள்ளது. அவர் மக்கள் இருக்குமிடம் அறியின் இதன் படியொன்றை அவர்க்கு விடுப்போம்.